புல்லுக்கு ஊறுகாய் போட்டவருக்கு நோபல் பரிசு!

மாங்காய்க்கு ஊறுகாய் போடுவார்கள். எலுமிச்சைக்கும் போடுவார்கள். புல்லுக்கு ஊறுகாய் போடுவார்களா?

போடுகிறார்கள்! பின்லாந்து நாட்டில் போடுகிறார்கள். அதைத் தின்பவை மாடுகள்.

பின்லாந்து, ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிறது. அங்கே குளிர்காலம் மிக நீளம். பல மாதங்கள் வயலை உறைபனி மூடிக் கிடக்கும். ஒரு புல்கூட முளைக்காது. மாடுகள் தொழுவத்துக்குள்ளேயே கட்டிக் கிடக்கும். ஆனால் பசி விடுமா? பால் கறக்க வேண்டாமா?

ஆகவே கோடையில் வளரும் புல்லைக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்க வேண்டும். முன்பெல்லாம் புல்லை அறுத்து, வயலில் நட்ட கம்புகளில் போட்டுக் காய வைப்பார்கள். காய்ந்தால் நல்ல தீனி.

காய்ந்தால்தானே!

மழை படுத்தும் பாடு

அங்கே கோடையிலும் மழை வரும். காலையில் வெயில் அடிக்கும். மாலையில் கொட்டித் தீர்க்கும். காய்கிற புல்லில் மழை விழுந்தால் சத்து கரைந்து ஓடிவிடும். பூஞ்சை பிடிக்கும்.

"மழை ஓயட்டும், அப்புறம் அறுக்கலாம்" என்று இருந்தால்? அதுவும் நஷ்டம்தான். புல் கதிர் விடத் தொடங்கும் சமயத்தில் அறுக்க வேண்டும். அப்போதுதான் புரதச் சத்து மிகுந்து இருக்கும். மாட்டுக்கு எளிதில் செரிக்கும். நாள் தள்ளத் தள்ளத் தண்டு முற்றிவிடும்.

அறுத்தாலும் பயம். அறுக்காவிட்டாலும் பயம்!

தயிர் போலப் புளிக்கும்

இதற்கு வழி, புல்லைப் பச்சையாகவே பதப்படுத்துவது. புல்லை நறுக்கி, காற்றுப் புகாமல் அமுக்கி மூடிவிட்டால் அது தானாகப் புளிக்கும். பாலைத் தயிர் ஆக்குவது போன்ற நுண்ணுயிர்கள் புல்லிலும் உண்டு. அவை புல்லில் உள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்கும். புளிப்பு ஏறியதும் அழுகல் நின்றுவிடும்.

ஆனால் ஈரம் மிகுந்தால் கெட்ட நுண்ணுயிர்கள் முந்திக்கொள்ளும். அவை புல்லின் புரதத்தைக் கெடுக்கும். கெட்டுப்போன வெண்ணெய் போல நாற்றம் அடிக்கும். மாடு முகம் திருப்பும். அந்தக் கிருமி பாலிலும் கலந்து, அந்தப் பாலில் செய்த பாலாடைக்கட்டி உப்பி வெடிக்கும்! பால் பண்ணைகளை நம்பி வாழும் நாட்டுக்கு இது சின்ன விஷயமா?

விஞ்ஞானி கண்ட வழி

ஆர்ட்டூரி இல்மாரி விர்த்தனன் என்ற விஞ்ஞானி, பால் கூட்டுறவு நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவர் யோசித்தார். புல் தானாகப் புளிக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? நாமே புளிப்பைச் சேர்த்தால் என்ன?

1920-களின் இறுதியில் அதைச் செய்து காட்டினார். தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் புல்லில் தெளித்தார். ஈரப் புல்லும் கெடவில்லை!

இன்னொரு ஆச்சரியம். காய்ந்த புல் தின்ற மாட்டின் வெண்ணெய் குளிர்காலத்தில் வெளுத்திருக்கும். இந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வெண்ணெயோ மஞ்சளாக இருந்தது. ஏ வைட்டமினைத் தரும் சத்து புல்லில் அழியாமல் இருந்ததே காரணம்.

1945-ம் ஆண்டு அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பெயரின் மூன்று எழுத்துகளைச் சேர்த்து "ஏ.ஐ.வி. தீவனம்" என்று அதற்குப் பெயர் வந்தது.

அந்த அமிலங்கள் கையைப் பொத்துவிடும், துணியை அரித்துவிடும். பின்னாளில் பார்மிக் அமிலம் வந்தது. சில வகை எறும்புகளின் உடம்பில் இருக்கிறதே, அதே அமிலம்! அதையும் கையுறை போட்டுத்தான் கையாள வேண்டும்.

கைப்பிடியில் சோதனை

அமிலம் இருந்தாலும் வானத்தைப் பார்க்காமல் முடியாது. பச்சைப் புல்லில் 100 கிலோவுக்குச் சுமார் 80 கிலோ தண்ணீர்தான். ஒரு நாள் வெயில் கிடைத்தால் போதும். பனி ஈரம் காய்ந்ததும் அறுத்து, பரப்பி வாட விடுவார்கள். 24 மணி நேரத்துக்குள் அள்ளிவிடுவது நல்லது. தரையை ஒட்டி அறுப்பதில்லை. மண் சேர்ந்தால் கெட்ட கிருமியும் சேர்ந்து வரும்.

போதுமான அளவு வாடியதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நறுக்கிய புல்லைக் கைப்பிடியில் இறுக்கிப் பிழிவார்கள். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். சாறு வராமல் உருண்டையாக நின்றால் சரி. கையைத் திறந்ததும் சட்டென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. காற்று போக அமுக்குவது கடினம்.

மழை விடவே இல்லையா? ஈரமாகவே அள்ளி, அமிலத்தைக் கூட்டுவார்கள். வடியும் சாற்றைத் தொட்டியில் பிடித்துவிடுவார்கள். அது ஓடையில் கலந்தால் மீன்கள் செத்து மிதக்கும்.

பிறகு மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, டிராக்டரை ஏற்றி மிதிப்பார்கள். அன்றே பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, மேலே பாரம் ஏற்றுவார்கள். விரிப்பில் சிறு ஓட்டை இருந்தாலும் அந்த இடம் பூஞ்சை பிடிக்கும். காக்கை குத்துகிறதா என்றுகூடப் பார்க்க வேண்டும்!

வெளியே எல்லாம் வெள்ளை வெளேர் என்று உறைந்து கிடக்கும் நாளில், விரிப்பை விலக்குவார்கள். பழுத்த மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். லேசான புளிப்பு வாசனை. தொழுவத்தில் மாடுகள் கழுத்தை நீட்டும்.