லைனில் யார் பேச்சு எடுபடும்?

இருங்காட்டுக்கோட்டை ஆகட்டும், ஒரகடம் ஆகட்டும், சென்னையை அடுத்த இந்தத் தொழிற்பேட்டைகளில் அசெம்பிளி லைன் தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு போர்டு மாட்டியிருப்பார்கள். ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று பெயர். இடது ஓரத்தில் ஆட்களின் பெயர், மேல் வரிசையில் ஸ்டேஷன்களின் பெயர், கட்டத்துக்குக் கட்டம் நாலாகப் பிரித்த ஒரு வட்டம். கால் வட்டம் கறுப்பாக இருந்தால் ஆள் இப்போதுதான் கற்றுக்கொள்கிறார். அரை வட்டம் என்றால் பக்கத்தில் யாராவது நின்றால் செய்துவிடுவார். முக்கால் வட்டக்காரரைத் தனியாக விடலாம். முழு வட்டமும் நிரம்பியிருந்தால் அடுத்தவருக்கே சொல்லித் தருவார்.

முழு வட்டம் வாங்கியவர்தான் லைன் லீடர் ஆவார் என்று நினைப்போம். அங்கேதான் சிக்கல். வேலை சுத்தமாக இருக்கிற ஆளை ஸ்டேஷனை விட்டு எடுத்தால் அன்றைய டார்கெட் அடிபடும். அதனால் அவர் அங்கேயே நிற்பார். ஷிப்ட் தொடங்கும்போது நடக்கிற ஐந்து நிமிட மீட்டிங்கில் வாய் திறக்கிறவர், நேற்று எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது என்று கேட்டால் சட்டென்று ஒரு காரணம் சொல்கிறவர், அவர் மேலே போவார். காரணம் சரியா என்பது அடுத்த கதை. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு இதையேதான் சொல்லியது. ஆட்களைச் சிறு குழுக்களாக்கி வேலை கொடுத்துவிட்டு, உங்களில் யார் தலைவர் என்று கேட்டார்கள். அதிக நேரம் பேசியவருக்கே ஓட்டு விழுந்தது, அவர் புத்திசாலியா என்பது அவ்வளவாகக் கணக்கில் வரவில்லை. ஆண்களுக்கு ஆணாக இருந்ததற்காகவே கொஞ்சம் கூடுதல் ஓட்டு. பெண்கள் பெருவாரியாக வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் லைன்களில் மேலே போகப் போகப் பதவியில் இருப்பவர் ஆணாகவே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

இப்போது இன்னொரு ஏணியும் வந்திருக்கிறது. ஒடிசா, ஜார்கண்ட், பீகாரிலிருந்து வருகிறவர்கள் இந்தப் பக்கம் பெருகிய பிறகு, தமிழும் இந்தியும் தெரிந்த ஆளுக்கு ஒரு தனி மவுசு. மேலிருந்து வருவதை இந்தியில் சொல்வார், கீழிருந்து போவதைத் தமிழிலோ உடைந்த ஆங்கிலத்திலோ சொல்வார். அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. ஆறே மாதத்தில் அவர்தான் அந்தக் கூட்டத்தின் ஆள் என்று ஆகிவிடும். கட்டட வேலையில் மேஸ்திரி என்று ஒருவர் இருப்பாரே, கிட்டத்தட்ட அப்படி.

தேர்வு வைத்து, இன்டர்வியூ வைத்து, மார்க் போட்டுத்தான் லீடரை எடுக்கிறோம் என்று மனிதவளப் பிரிவினர் சொல்வார்கள். வைக்கிறார்கள்தான். ரிசார்ட்டில் பலூன் ஊதவைத்து, கயிறு இழுக்கவைத்துத் தலைமைப் பண்பு வகுப்பும் நடத்துகிறார்கள்.

ஆனால் லைனுக்குள் நடக்கிற தலைமை வேறு மாதிரி. பாத்ரூம் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற லைனில் ஸ்டேஷன் காலியாக இருக்கக் கூடாது. ரிலீவர் வந்து நின்றால்தான் நகர முடியும். நாற்பது பேருக்கு ஒரு ரிலீவர் என்றால் யார் முதலில்? காகிதத்தில் அது லீடரின் வேலை. நடப்பில் லைனின் நடுவில் நிற்கிற ஓர் அக்கா தலையை லேசாக ஆட்டுவார். ரிலீவர் அந்தப் பக்கம் போவாள். யாருக்கு இன்று வயிற்று வலி, யார் நேற்று நைட் ஷிப்ட் முடித்து ஓவர்டைமுக்கு நிறுத்தப்பட்டவள், எந்தப் புதுப் பெண் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறாள், எல்லாம் அந்த அக்காவுக்குத் தெரியும். அவர் பெயர் ஆபரேட்டர். சம்பளமும் ஆபரேட்டர் சம்பளம். அவரைத் தாண்டி ரிலீவரைக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் வராது.

இதே அக்கா ஒருநாள், ‘கேன்டீன் சாப்பாடு சரியில்லை, வாங்க போய்ச் சொல்லுவோம்’ என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு வேறு பெயர் வந்துவிடும். தூண்டிவிடுகிற ஆள். மேலே இருப்பவருக்காக நாற்பது பேரைக் கட்டி மேய்த்தால் தலைமைப் பண்பு, நாற்பது பேருக்காக மேலே போய் நின்றால் பிரச்சினைக்காரி. குணம் ஒன்றுதான். எந்தத் திசையைப் பார்த்து நின்றார் என்பதில்தான் பெயர் மாறுகிறது.

2021 டிசம்பரில் இந்தப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஒன்றின் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி கிளம்பியது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்கப் பெண்கள் உட்கார்ந்தார்கள். பின்னால் நின்று வழிநடத்தச் சங்கமோ மேடையில் ஏறிப் பேசத் தலைவரோ பெரிதாக இல்லாத கூட்டம் அது. லைனில் தலையாட்டுகிறவர்களும் விடுதி அறையில் விளக்கை அணைக்கச் சொல்கிறவர்களும்தான் அந்தக் கூட்டத்தை நடத்தியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஆலை சில வாரம் மூடிக்கிடந்து திறந்தது. 2024 செப்டம்பரில் இன்னோர் ஆலையில் தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தம் வேறு ரகம். அதில் சங்கம் இருந்தது, சங்கத்தைப் பதிவு செய்வதே சண்டையின் மையமாகவும் இருந்தது.

பெயர் மாறும் அபாயத்தைச் சட்டமும் யோசித்திருக்கிறது. ‘பாதுகாக்கப்பட்ட தொழிலாளி’ என்று 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. தகராறு நிலுவையில் இருக்கும்போது அந்த நிலை பெற்ற சங்க நிர்வாகிகளை அனுமதி இல்லாமல் வேலையை விட்டு எடுக்க முடியாது. மொத்தத் தொழிலாளர்களில் 1 சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர். தலையாட்டும் அக்கா எந்தச் சங்கத்திலும் நிர்வாகி இல்லை, அவருக்கு இது பொருந்தாது. லைன் லீடருக்கு வேறு கண்டம். மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அவர் தொழிலாளியே இல்லை என்றது பழைய சட்டம். அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதை 18,000 ஆக்கியது. நீதிமன்றம் பதவியின் பெயரைப் பார்க்காது, என்ன வேலை பார்த்தார் என்றுதான் பார்க்கும். ஆனாலும் நீதிமன்றம் வரை போகத் தெம்பு வேண்டுமே.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஒருவர் சொன்னால் கேட்கலாம் என்று நாலு பேருக்குத் தோன்ற நாளாகும். அவர் கை வேலையைப் பார்க்க வேண்டும், கோபத்தைப் பார்க்க வேண்டும், மாட்டிக்கொண்டபோது பக்கத்து ஆளைக் காட்டிக்கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும். அந்த நாளே இப்போது இல்லை. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். டிரெய்னி, அப்ரன்டிஸ் என்று வருகிறவர்கள் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். கான்ட்ராக்ட் ஆட்களோ ஏஜென்சி விட்டு ஏஜென்சி மாறுகிறார்கள். விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பத்தொன்பது வயதில் வருகிற பெண், கல்யாணப் பேச்சு எடுத்ததும் பெட்டியைக் கட்டுகிறாள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதி வளாகத்தில் 18,720 பெண்கள் தங்கலாம். கட்டில் நிலையாக இருக்கிறது, படுக்கிறவர் மாறிக்கொண்டே இருக்கிறார்.

அதனால் என்ன ஆகிறது? எட்டு மாத அனுபவக்காரர் எட்டு நாள் அனுபவக்காரருக்கு லீடர். அவருக்குத் தெரிந்த தலைமை, தனக்கு மேலே இருந்தவர் கத்திய கத்தல் மட்டும். தலையாட்டுகிற அக்காக்கள் லைனுக்கு ஒருவர் என்று மிஞ்சியிருக்கிறார்கள், பழைய நிரந்தர ஆட்களில். அவர்களும் ஓய்வு பெற்றால், அல்லது வேறு பிளான்ட்டுக்கு மாற்றப்பட்டால், அந்த இடத்துக்கு இன்னொருவர் தானாக முளைக்க மாட்டார். கேன்டீன் விஷயத்தையே பாருங்கள். 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் கேன்டீன் வேண்டும், அதன் நிர்வாகத்தில் தொழிலாளிக்கும் இடம் வேண்டும் என்று 1948-லேயே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். அடுத்த மாதம் ஊருக்குப் போகிற பெண் அந்தக் கமிட்டிக்கு எதற்கு நிற்பாள்? நின்றாலும் யார் கை தூக்குவார்கள்? பக்கத்து ஸ்டேஷன்காரி பெயரே அவர்களுக்கு இன்னும் சரியாகத் தெரிந்திருக்காது.