ஆண் கழுதைக்கும் வைத்தியம் உண்டு

பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்க்க வருகிறவர்கள் மரத்தைப் படமெடுத்த கையோடு பக்கத்தில் நிற்கிற கழுதையையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டுமே அரபு வணிகரின் மரக்கலத்தில் வந்து இறங்கியவை என்று மன்னாரில் வழிவழியாகச் சொல்வார்கள். மரத்துக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. கழுதைக்குச் சொந்தக்காரர்கூட இல்லை. லொறியும் உழவு இயந்திரமும் வந்ததும் அதன் சுமைவேலை போனது. வேலையோடு தீனியும் போனது.

இப்படித் தெருவுக்கு வந்த கூட்டத்தில் முதலில் கெட்ட பெயர் எடுப்பது ஆண் கழுதைதான். கடிக்கிறது, துரத்துகிறது, இரவில் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கல்லெறிகிறோம். அதன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

குணம் அல்ல, பருவம்

குதிரைக் கூட்டத்தில் ஓர் ஆண் பல பெட்டைகளைத் தன்னோடு வைத்துக் காக்கும். கழுதை அப்படி அல்ல. அது காப்பது நிலத்தை. தண்ணீரும் புல்லும் உள்ள ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் சாணம் போட்டு எல்லை வைத்து, அங்கே வருகிற பெட்டையோடு சேரும். இன்னோர் ஆண் வந்தால் சண்டைதான். கழுத்து, முன்னங்கால், விதைப்பை என்று பார்த்துக் கடிக்கும். தெருவில் நாம் பார்க்கிற காதறுந்த கழுதைகளும் நொண்டுகிற கழுதைகளும் எல்லாம் வாகனத்தில் அடிபட்டவை அல்ல.

பெட்டையின் பாடு வேறு. பருவத்துக்கு வந்தால் மூன்று, மூன்றரை வாரத்துக்கு ஒருமுறை சினைப்படத் தயாராகும். சினைக்காலம் ஏறத்தாழ 12 மாதம், சிலவேளை 14 வரை நீளும். குட்டி போட்ட ஒன்றிரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி பருவம் வந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஆண் விடாமல் துரத்தும். எலும்பு தெரிய நிற்கிற தாய், மடியில் ஒரு குட்டியும் வயிற்றில் ஒரு குட்டியுமாய்க் குப்பையில் கடதாசி மெல்லுவது இதனால்தான். கோடையில் புல் காய்ந்துவிடுகிற மன்னார்த் தீவில் இது அவற்றால் தாங்கக்கூடிய கணக்கு அல்ல.

நலமடித்தல் கொடுமையா?

மயக்க மருந்தில்லாமல் கட்டிப்போட்டு விதையை நசுக்கினால் கொடுமைதான். நாட்டுமுறை என்று சொல்லி அதை மறைக்க முடியாது. ஆனால் விதையை எடுக்க மிருக வைத்தியர் செய்கிற சத்திரசிகிச்சை வேறு. சண்டையையும் ஓயாத சினையையும் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் செய்வது நல்லது. வயது ஏற ஏற இரத்தக்குழாய் தடிக்கும், கொழுப்பு சேரும், ஆபத்தும் கூடும். கழுதையின் விதைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் குதிரையுடையதைவிடப் பெரியவை. அவற்றை நூலால் இறுகக் கட்டாவிட்டால் இரத்தம் நிற்காது. மயக்க மருந்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. குதிரைகளுக்குக் கொடுக்கிற கெட்டமின் போன்ற மருந்தைக் கழுதையின் உடல் சீக்கிரமாகவே கழித்துவிடும். குதிரைக் கணக்கில் மருந்து போட்டால் கத்தி வைத்த பாதியிலேயே எழும்பிவிடும். கழுதையைச் சின்னக் குதிரை என்று நினைக்கிறவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது.

ஏற்புவலித் தடுப்பூசி கட்டாயம் வேண்டும். குதிரை இனத்தை அந்த நோய் எளிதில் பிடிக்கும், பிடித்தால் பிழைப்பது அரிது. இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று முதலே தடவிப் பார்க்க வேண்டும். ஒன்று வயிற்றுக்குள் தங்கியிருக்க, வெளியே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டால் குணம் மாறாது. பிறகு வருகிற வைத்தியருக்கும் உண்மை தெரியாமல் போகும்.

காயத்தைப் பெரும்பாலும் திறந்தபடியே விடுவார்கள், நீர் வடிய வேண்டும் என்பதற்காக. ஓரளவு வீங்கும். நாளும் மெல்ல நடக்கவிட்டால் வற்றும். இலையான் மொய்க்கிற காலத்தையும் மாரிச் சேற்றையும் தவிர்த்து நாள் குறிப்பது நல்லது. சிகிச்சை முடிந்த அன்றே அது மலடாகிவிடாது. குழாயில் மிஞ்சிய விந்து இருக்கும், ஆதலால் ஆறு வாரமாவது பெட்டைகளிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். வயதான ஆணுக்குப் பழக்கதோஷம் கொஞ்சம் மிஞ்சும், அதற்கு வைத்தியரைக் குறை சொல்ல வேண்டாம்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று. கழுதைக்கு நட்பு உண்டு, அது வெறும் பேச்சல்ல. எப்போதும் இணையாய்த் திரிகிற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டுபோய் அடைத்தால், மற்றதை நினைத்துத் தீனியை விட்டுவிடும். கழுதை இரண்டொரு நாள் பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு கரைந்து இரத்தத்தில் கலந்து ஈரலைக் கெடுக்கும், உயிரே போகலாம். கத்தியால் சாகாத கழுதை கவலையால் சாகும். சிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது அதன் கூட்டாளியையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

எல்லா ஆணையும் நலமடித்துவிடலாமா?

கூடாது. பிரான்சின் புவாத்துக் கழுதை ஒரு காலத்தில் பேர்போன இனம். 1977இல் கணக்கெடுத்தபோது 44 மட்டுமே மிஞ்சியிருந்தன. இந்தியாவில் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3 இலட்சத்து 20 ஆயிரமாக இருந்த கழுதைகள் 2019இல் 1 இலட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கின. தோலுக்காகக் கழுதை கொல்வதை ஆபிரிக்க ஒன்றியம் 2024 பெப்ரவரியில் தடை செய்ய வேண்டி வந்தது. நமக்குத் தொல்லையாய்த் தெரிகிற உயிர் உலகத்தில் அருகிக்கொண்டிருக்கிறது.

எந்த ஆணை விட்டுவைப்பது என்பது பொலிகாளையைத் தெரிவுசெய்வது போலத்தான். விதை இரண்டும் ஒத்த அளவில் கெட்டியாக இருக்கிறதா, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகின்றனவா, காலும் குளம்பும் நேரா, ஆளைக் கண்டால் வெறிக்காத குணமா என்று பார்த்துச் சில நல்ல ஆண்களை விட்டுவைக்க வேண்டும். ஒரே தகப்பனின் குட்டிகளே தங்களுக்குள் பெருகாமல் இடம் மாற்றவும் வேண்டும். விந்தை எடுத்து நுண்ணோக்கியில் அதன் அசைவைப் பார்க்கிற சோதனையும் இருக்கிறது. இந்தியாவில் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி நிலையம் உறைவிந்தை வைத்தே குதிரைக்குட்டி பிறக்கச் செய்திருக்கிறது. ஆள் பார்த்துப் பொலிக்கு விடுவது நமக்கும் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்திலும், பிறகு நோலன் என்ற அயர்லாந்து அதிகாரியின் காலத்திலும் நெடுந்தீவில் குதிரை வளர்த்தார்கள். லாயத்தின் இடிபாடு இன்னும் நிற்கிறது.

மறைவிடத்துப் புண்

வெப்பநாட்டு ஆண் கழுதைகளுக்கு ஆண்குறியில் ஆறாத புண் வரும். வெட்கப்பட்டு யாரும் பார்ப்பதில்லை. இலையான் சுமந்துவருகிற ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் ஈரமான தோலில் இறங்குவதால் வருவது இது. சிவந்த சதை வளரும், அதற்குள் மஞ்சளாய் அரிசிக்குருணை போலத் தெரியும், சிறுநீர் சொட்டுச் சொட்டாய்ப் போகும். புழுமருந்தாலும் சிகிச்சையாலும் ஆற்றலாம். நாள்பட்டால் புற்றுநோயா என்றும் பார்க்க வேண்டும்.

குறி வெளியே தொங்கி உள்ளே போகாமல் வீங்கினால் அன்றே வைத்தியர் பார்க்க வேண்டும். அதுவரை ஈரத்துணியால் தாங்கிக் கட்டி, காயவிடாமல் வைத்திருங்கள். மண்ணெண்ணெயும் கழிவு எண்ணெயும் மருந்தல்ல.

கடிபட்டவர் செய்ய வேண்டியது

காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கோப்பித்தூள், மஞ்சள் அப்ப வேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். ஏற்புவலி ஊசி மட்டும் போதாமல் போகலாம். விசர்நாய் கடித்த கழுதைக்கும் விசர் பிடிக்கும், அதனால் விசர்த் தடுப்பூசியும் வேண்டிவரலாம். சாதுவாய் நின்ற கழுதை திடீரென்று வெறித்தால், விழுங்க முடியாமல் எச்சில் வடித்தால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறதென்று வாய்க்குள் கை விடவே கூடாது.

மன்னாரில் கழுதைகளுக்கென்றே பிரிட்ஜிங் லங்கா அமைப்பு ஒரு வைத்திய, கல்வி நிலையத்தைத் தொடங்கியது. அரச மிருக வைத்தியர் பணிமனையும் இருக்கிறது. பெருக்கமரத்தடியிலோ கடற்கரையிலோ புண்ணோடு நிற்கிற ஆண் கழுதையைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே அறிவியுங்கள். அதனோடு நிற்கிற மற்றக் கழுதை எது என்பதையும் சொல்லிவிடுங்கள்.