பழைய வானின் இயந்திரத்தை அறிந்து வாங்குவோம்

இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய மூன்று விவசாயக் குடும்பத்தினர், வெங்காயமும் மரக்கறியும் சந்தைக்கு ஏற்றுவதற்கென நகைகளை அடகு வைத்துப் பழைய வொக்ஸ்வாகன் வான் ஒன்றை வாங்கினார்கள். "1600 இயந்திரம், நம்பி ஓடலாம்" என்றார் விற்றவர். இரண்டாம் மாதமே அது சூடேறி இறுகி நின்றுவிட்டது. அவர்கள் கடன்பட்டு 1600க்குரிய பிஸ்டன்களை வாங்கிக்கொண்டு எம்மிடம் வந்தார்கள். கழற்றி அளந்தோம். பழைய பிஸ்டனின் குறுக்களவு 77 மில்லிமீற்றர். வாங்கி வந்ததோ 85.5. வானில் இருந்தது பீட்டில் காரின் 1300 இயந்திரம்.

இப்படி இன்னொரு குடும்பமும் ஏமாறக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

இவ்வகை வான்கள் 1950இல் ஜேர்மனியின் வொல்ஸ்பேர்க் நகரில் உற்பத்தியாகத் தொடங்கின. 1956 முதல் ஹனோவரில் செய்யப்பட்டன. இயந்திரம் பின்புறத்தில் இருக்கும். றேடியேற்றரோ தண்ணீரோ இல்லை. நான்கு சிலிண்டர்களையும் விசிறிக் காற்றும் ஒயிலுமே குளிர்விக்கின்றன.

முதலில் விசிறியைப் பாருங்கள். அது உயரமான தகரப் பெட்டிக்குள், மேலே இருந்தால் 1200 முதல் 1600 வரையிலான பழைய வகை. கீழே, சுழல்தண்டின் நுனியிலேயே விசிறி இருந்தால், 1972ஆம் ஆண்டு மாதிரி முதல் வந்த 1700, 1800, 2000 வகை. ஒன்றின் உதிரிப்பாகங்கள் பெரும்பாலும் மற்றதற்கு உதவா.

பழைய வகையில் இயந்திர இலக்கம் டைனமோ தாங்கியின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய் அழுக்கைத் துடைத்துவிட்டு வாசியுங்கள். முன்னெழுத்து 'எஃப்' எனில் பீட்டிலின் 1300, 'எச்' எனில் 1500, 'ஏடி' அல்லது 'ஏஎஸ்' எனில் 1600. ஆயினும் எழுத்து, அது தொழிற்சாலையில் எவ்வாறு பிறந்தது என்பதையே கூறும். பின்னர் சிலிண்டர்களை மாற்றியிருக்கலாம். எனவே பாகங்கள் வாங்குமுன் கழற்றி அளத்தல் வேண்டும்.

அந்த இலக்கம் பதிவுச் சான்றிதழில் உள்ள இலக்கத்துடன் ஒத்திருக்கின்றதா என்றும் பாருங்கள். இயந்திரத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். தவறினால் வீதிச் சோதனையிலும், பின்னர் விற்கும்போதும் தொல்லை வரும்.

காசு கொடுக்குமுன் இன்னொரு சோதனையும் உண்டு. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கீழ்ப் புலியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் பிரதான பெயாரிங் தேய்ந்துவிட்டது. அளவில் 0.15 மில்லிமீற்றருக்கு மேல் ஆட்டம் ஆகாது. அத்தகைய இயந்திரத்தை முழுவதும் பிரித்தே திருத்தவேண்டி வரும்.

நாம் குறிப்பிட்ட வான் ஏன் இறுகியது? இயந்திரத்தைச் சுற்றியிருக்க வேண்டிய தகரங்கள் இரண்டும் ஓர இறப்பரும் இல்லை. யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். கீழே வெளியேறிய சூடான காற்றையே விசிறி மீண்டும் உறிஞ்சியது. இத்தகரங்கள் அலங்காரமல்ல, றேடியேற்றருக்குப் பதிலாக உள்ளவை.

பழைய வகையில் விசிறியையும் டைனமோவையும் ஒரே பெல்ட்தான் சுழற்றுகின்றது. ஓட்டத்தில் டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள். "சந்தைவரை போய்விடுவோம்" என்று ஓடினால் இயந்திரம் எரிந்துபோகும். வால்வு இடைவெளியை இயந்திரம் நன்றாக ஆறிய பின்னரே பார்க்கவேண்டும். 1600இல் அது 0.15 மில்லிமீற்றர். ஒயில் இரண்டரை லீற்றர்தான் கொள்ளும். கடதாசி வடிகட்டி கிடையாது, வலை மட்டுமே. ஆகவே 5,000 கிலோமீற்றருக்கு முன்னரே ஒயிலை மாற்றுங்கள். வெடித்த பெற்றோல் குழாய்களையும் உடனே மாற்றுங்கள். இயந்திரக் கூடு மக்னீசியம் கலந்த உலோகம்; அது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, காய்ந்த மணலே போடவேண்டும்.

1990களில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓட்டிய அனுபவம் எமது மக்களுக்கு உண்டு. அது அன்றைய நிர்ப்பந்தம். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஒயிலையும் நம்பிக் குளிரும் இயந்திரத்துக்கு இது கூடாது.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றி நற்செய்தியில் வாசிக்கின்றோம். அம்மூன்று குடும்பங்களும் நட்டப்பட்ட பின்னரே கணக்கிட்டன. 1600 பிஸ்டன்களைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். 77 அளவுள்ளவற்றைப் போட்டார்கள். தகரங்களை ஊர்ப் பட்டறையில் வெட்டிப் பொருத்தினார்கள். பதிவைத் திருத்த விண்ணப்பித்தார்கள். இப்போது பாரத்தைக் குறைத்து, இரண்டு நடையாக ஏற்றுகிறார்கள். அடகு வைத்த நகைகளுள் ஒரு சங்கிலி மீண்டிருக்கிறது. மற்றவையும் மீளும் என்று நம்புகின்றோம்.

நீங்கள் வான் பார்க்கப் போகும்போது ஒரு துணித்துண்டையும் ரோச் லைட்டையும் கொண்டுபோங்கள். விற்பவரின் பேச்சைக் கேளுங்கள். ஆனால் இலக்கத்தை உங்கள் கண்ணாலேயே வாசியுங்கள்.