முள் குத்திய புண்ணும் செப்சிஸ் ஆபத்தும்

தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து காசநோயாளருக்கென ஓர் ஆரோக்கிய நிலையம் நிறுவினார். காற்றும் ஓய்வும் உணவும் மாதக்கணக்கில் தந்து நோயைத் தணிக்க முயன்ற காலம் அது. செப்சிஸ் என்னும் கேடோ மணிக்கணக்கில் உயிரைப் பறிக்க வல்லது.

வயலில் முள் குத்திய புண், சிறுநீர்த் தொற்று, நிமோனியா, பிரசவத்திற்குப் பின் வரும் காய்ச்சல் முதலிய எதிலிருந்தும் இது தோன்றலாம். கிருமியை எதிர்க்கும் உடலே நிலை தவறித் தன் உறுப்புகளைத் தாக்குவது இதன் இயல்பு. காய்ச்சல் இருந்தே தீர வேண்டுமென்பதில்லை. முதியோர்க்கு உடல் சில்லிட்டும் போகும். மூச்சு நிமிடத்திற்கு 22-ஐ எட்டுதல், பேச்சுத் தடுமாறுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றைக் கண்டும், மஞ்சள் பற்று, கடை மாத்திரை என்று இரவைக் கழித்தல் தகாது.

மருத்துவமனையில் இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, கிருமிக்கொல்லி மருந்தும் சலைனும் ஏற்றுவர். இரத்த அழுத்தம் வீழ்ந்தவருக்கு அம்மருந்து ஒரு மணி நேரத்திற்குள் சேர வேண்டும். சலைன் ஏற்றியும் அழுத்தம் உயராவிடில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவர்.

முடிச்சூர், அகரம்தென் போன்ற ஊர்களுக்குத் தாம்பரம் தொலைவன்று. தாமதம் வீட்டிலேயே நேர்கிறதென நாம் கருதுகிறோம். 108 வண்டிக்கு வழிகாட்டத் தெருமுனையில் ஓர் ஆளை நிறுத்துதலும், புண் என்று உண்டாயிற்று, எம்மாத்திரை உட்கொண்டார் என்பனவற்றைச் சீட்டில் எழுதி அனுப்புதலும் பஞ்சாயத்து உறுப்பினரால் இயலும்.