திருச்சி – யாழ்ப்பாணம்: 185 கி.மீ. பறக்க ஒரு மணி நேரம் ஏன்?

திருச்சிக்கு வான்வழியில் சென்னையைவிட யாழ்ப்பாணம்தான் பக்கம். சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 295 கி.மீ. தொலைவில் இருக்கிறது, பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் விமான நிலையம் ஏறத்தாழ 185 கி.மீ.தான். 2025 மார்ச் 30-ல் இண்டிகோ இந்தத் தடத்தில் சேவையைத் தொடங்கியது. பறப்பது ஏடிஆர் 72 என்ற உந்துவிசிறி விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. கணக்குப் போட்டால் 22 நிமிடம் வருகிறது. கால அட்டவணையிலோ சுமார் ஒரு மணி நேரம். இரு நாடுகளுக்கும் ஒரே கடிகார நேரம் என்பதால் அதில் குழப்பமில்லை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

எந்த நேரம் கணக்கில் வருகிறது?

விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வது முதல், மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான நேரமே அட்டவணையில் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், அனுமதிக்குக் காத்திருப்பதும் அதில் அடக்கம். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இவ்வளவு குறுகிய தடத்தில், ஏறி முடித்துச் சிறிது நேரத்திலேயே இறக்கம் தொடங்கிவிடும்.

காற்றுக்கு என்ன வேலை?

நேர்கோடு பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கரையைத் தாண்டி, பாக் நீரிணைக்கு மேலே செல்கிறது. ஆனால், விமானங்கள் எதிர்க்காற்றில்தான் ஏறி இறங்கும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானம் பெரும்பாலும் மேற்கு நோக்கி ஏறி, பிறகு தென்கிழக்கே திரும்ப வேண்டும். பலாலியிலும் அப்படியே: தென்மேற்கு முகமாக இறங்க, விமான நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வடகிழக்கிலிருந்து வர வேண்டும்.

தூரம் கூடினால் நேரமும் அதே அளவு கூடுமா?

கூடாது. சென்னை – யாழ்ப்பாணம் ஏறத்தாழ 355 கி.மீ.; திருச்சித் தடத்தைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பறக்கும் நேரத்தில் கூடுவதோ இருபது நிமிடம்தான். ஊர்வது, ஏறுவது, சுற்றுவது, இறங்குவது ஆகியவற்றுக்கான நேரம் இரண்டு தடங்களுக்கும் பொது. ஜெட் விமானம் விட்டாலும் இதில் மிச்சமாவது சில நிமிடங்களே. பலாலியின் குறுகிய ஓடுபாதைக்குப் பொருத்தமானதும் ஏடிஆர்தான்.

அப்படியானால் லாபம் எங்கே?

பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். இறங்கியபின் குடிவரவு, சுங்கச் சோதனை, யாழ் நகருக்குச் சுமார் 17 கி.மீ. சாலைப் பயணம். ஆக, வீட்டிலிருந்து வீடு வரை ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலுக்குக் கடலில் மட்டுமே நான்கு மணி நேரம் வேண்டும்; திருச்சிக்காரர் முதலில் நாகைக்குப் போயாக வேண்டும். கொழும்பு வழியே போனால், அங்கே இறங்கிய பிறகும் ஏறத்தாழ 400 கி.மீ. சாலை அல்லது ரயில் பயணம் பாக்கி. இந்தச் சேவையில் மிச்சமாகும் நேரம் விமானத்தின் வேகத்தால் வருவதல்ல. கொழும்பைச் சுற்றாமல் போவதால் வருவது.