ஓடின வண்டியும் நின்ற வண்டியும்

"ஏனுங்கண்ணா, எண்பதாயிரம் ஓடின வண்டிய நம்பி வாங்கலாமுங்களா?"

திருப்பூரில் பனியன் கம்பெனி வாசல் டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் ஒரு மெர்ச்சண்டைசராக இருப்பார், இல்லை கட்டிங் மாஸ்டராக இருப்பார். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயனையோ இன்டர்செப்டர் 650-யையோ செகண்ட் ஹேண்டில் பார்த்து வைத்திருப்பார். உடுமலை, சின்னாறு வழியாக மூணாறு போக வேண்டும், என்றாவது ஒருநாள் லடாக் போக வேண்டும் என்பது அவர் ஆசை. கூட நிற்பவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை வருஷத்தில் எண்பதாயிரம் ஓடியது?

ஐந்து வருஷத்தில் என்றால் மாதம் ஆயிரத்து முந்நூறு கி.மீ.க்கு மேல் வருகிறது. பில்லும் சர்வீஸ் புத்தகமும் சரியாக இருந்தால் அந்த வண்டியைத் தைரியமாகப் பார்க்கப் போகலாம். அதே ஐந்து வருஷத்தில் எட்டாயிரம் மட்டும் ஓடி, பளபளவென்று துடைத்து நிறுத்தியிருக்கும் வண்டி இருக்கிறதே, அதற்குத்தான் நான் பயப்படுவேன்.

காரணம் நம் ஊர் ஓட்டம். ஷிப்மென்ட் நெருங்கினால் ஓனருக்கு மூச்சுவிட நேரமில்லை. பெரிய வண்டி ஷெட்டில் நிற்கும். எடுத்தாலும் வீட்டிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து செக்கிங் யூனிட் என்று இரண்டு மூன்று கி.மீ.தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரே லீவு விட்டதும், இத்தனை நாள் நின்ற அதே வண்டியை மூட்டை முடிச்சோடு ஆயிரம் கி.மீ. விரட்டுவார்கள். நிட்டிங் மெஷினைச் சில மாதம் சும்மா போட்டுவிட்டு ஓட்டினால், ஊசி துருவேறித் துணியில் கோடு விழுவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். பைக்கும் அப்படித்தான், கோடுதான் கண்ணுக்குத் தெரியாது.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். பெட்ரோல் எரியும்போது புகையோடு நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறி அரைமணி நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று கி.மீ.யில் அணைத்துவிட்டால் உள்ளேயே தங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெளுத்த பசை ஒட்டினால், அந்த வண்டி பெரும்பாலும் குட்டி ஓட்டமே ஓடியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். சைலன்சர் உள்ளிருந்து அரிப்பதற்கும் இதே ஈரம்தான் காரணம். சர்வீஸ் புத்தகத்தில் இத்தனை கி.மீ. அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது, என்று போட்டிருப்பதும் இதற்காகத்தான். "கி.மீ. இன்னும் ஆகவில்லையே" என்று ஆயிலை இரண்டு வருஷம் மாற்றாமல் விடுபவர்கள் அந்த 'மாதம்' என்பதைப் படிப்பதே இல்லை.

இப்போது பெட்ரோலும் மாறிவிட்டது. பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடித் தீர்ந்து புதிதாக நிரப்பும் டேங்குக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் அடியில் தண்ணீர் சேரும், இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கும், அந்தத் துரு ஃபில்டருக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இந்தக் கலவையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டி என்றால் பெட்ரோல் டியூப், ஓ-ரிங் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். கார்புரேட்டர் புல்லட்டை நிறுத்தி வைக்கிறவர்கள் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சப் பெட்ரோல் காய்ந்து ஜெட்டை அடைத்துவிடும்.

திருப்பூருக்கே உரிய இன்னொரு சங்கதி தண்ணீர். சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு தெரிந்ததுதான். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. பல இடங்களில் போர் தண்ணீர் இன்னும் உப்புதான். வாராவாரம் அந்தத் தண்ணீரில் வண்டியைக் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்பு அங்கேயே படியும். ஸ்போக் கம்பி ரிம்மில் நுழையும் இடத்தையும் செயின் லிங்குகளையும் ஒயர் கப்ளர்களையும் உற்றுப் பாருங்கள். துரு முதலில் அங்கேதான் முகம் காட்டும். கழுவுவதைக் குறைத்து ஈரத் துணியால் துடைப்பதே மேல். பஞ்சுத் தூசி பறக்கிற யூனிட்டுக்குள் நிறுத்தும் வண்டி என்றால் ஏர் ஃபில்டரை முன்கூட்டியே கழற்றிப் பார்க்க வேண்டும். ஆயில் கசிந்து பிசுபிசுக்கும் என்ஜின் ஃபின்களில் பஞ்சு அப்பிக்கொண்டால் காற்றுக் குளிர்ச்சியும் கெட்டுப்போகும்.

சரி, பழைய வண்டி உழைக்குமா, புதுசு உழைக்குமா? இதில்தான் ஓனர்கள் பேச்சு ஒன்றுக்கொன்று முட்டும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டோடு தொடங்கி, திருவொற்றியூரில் உருவான பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டைப் பாருங்கள். ஆயில் கசியும், பாயின்ட் அடிக்கடி தேயும், டேப்பட் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்க்கும் விதம் எவ்வளவு எளிது தெரியுமா? என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டனை கம்ப்ரெஷனில் மேலே கொண்டுவந்து, சிலிண்டர் பக்கத்திலுள்ள சின்ன மூடியைக் கழற்றி, புஷ் ராடை இரண்டு விரலால் உருட்ட வேண்டும். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. மீட்டர் எதுவும் வேண்டாம். தாராபுரம் தாண்டி நடுவழியில் நின்றால்கூட, புல்லட் பழகிய ஒரு மெக்கானிக் கிடைத்தால் வீடு வந்து சேர்ந்துவிடலாம். "என் வண்டி முப்பது வருஷமா என்னைக் கைவிட்டதில்ல" என்று பெரியவர் சொல்வது பொய்யில்லை. அந்த முப்பது வருஷத்தில் அவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்.

அதற்குப் பின் வந்த யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ஜினில் கியர்பாக்ஸும் என்ஜினும் ஒரே உறைக்குள் வந்தன. ஹைட்ராலிக் டேப்பட் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். 2018-இல் வந்த 650 இரட்டை சிலிண்டர் இன்னும் ஒரு படி மேல், 648 சி.சி. என்ஜின் நெடுஞ்சாலை வேகத்தில் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். ஆனால் இவை நின்றால் கையால் உருட்டிப் பார்க்க எதுவுமில்லை. சென்சார், காயில், ஈ.சி.யு. என்று போகும், வண்டி ஆட்டோவில் ஏறும். 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டே இக்னிஷன் காயில் குறைக்காக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவை மீட்டியோர், கிளாசிக், புல்லட் 350 வகைகள். 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரானவை. அந்த மாதங்களின் வண்டி உங்களுக்கு வந்தால், சேஸி நம்பரைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹிமாலயனில் 2016-இல் வந்த முதல் கார்புரேட்டர் வண்டிகள் பல குறைகளுக்குப் பேர் வாங்கின. 2017-இல் வந்த இன்ஜெக்‌ஷன் வண்டி எவ்வளவோ தேறியது. எந்த மாடலானாலும் முதல் வருஷத்து வண்டியைக் கொஞ்சம் தள்ளியே வைப்பேன்.

வெளிநாட்டில் ஹோண்டா கோல்டு விங் வைத்திருப்பவர்கள் லட்சக்கணக்கில் ஓட்டியதாகச் சொல்வதை நம் வண்டியோடு ஒப்பிட்டு மனம் சோரத் தேவையில்லை. அது தண்ணீரால் குளிரும் ஆறு சிலிண்டர் என்ஜின். செயினும் கிடையாது, ஷாஃப்ட்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெரும்பாலும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் நாளெல்லாம் ஓடுகிறது. என்ஜினுக்கு அதைவிடச் சுகமான வாழ்க்கை இல்லை.

ஓனர் சொல்வதைக் கேட்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். பத்து வருஷம் கழித்தும் வண்டியைப் பற்றிப் பேசுகிறவர், அதை விற்காமல் வைத்திருப்பவர். தொல்லை தாங்காமல் இரண்டாம் வருஷமே தள்ளிவிட்டவர் இந்த டீக்கடைப் பேச்சிலேயே இருக்க மாட்டார். முடிந்தால் விற்றுவிட்டவர் ஒருவரையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

பார்க்கப் போகிற நாளில் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். போனதும் முதலில் என்ஜின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தை உங்களிடம் மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பாதிப் பல் தெரிந்தால் முழு செட்டும் மாற்ற வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் பிடித்துப் பிடித்து விட்டால் கோன் செட் போய்விட்டது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த ரப்பரை நம்பி மலை ஏறாதீர்கள்.

வாங்கிய வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது லீவர் தொளதொளத்துவிடும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் வரை போய் வாருங்கள், ஏறக்குறைய நூறு கி.மீ. ஆகும். வீடு வந்ததும் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் அட்டையில் சொட்டு இல்லை என்றால் மூணாறுக்கு ரூம் போடலாம்.