வண்டலோடு வயலுக்குப் போகும் முகக்கவசம்

கொரோனா காலத்தில் வீசியெறிந்த முகக்கவசங்களை நாம் மறந்துவிட்டோம். உத்திரமேரூர் பக்கத்து ஏரிகள் மறக்கவில்லை. கரையோரச் சீமைக்கருவேல முள்ளில் காதுக்கயிறு மாட்டிக் கிடக்கும் ஒன்றை எடுத்துக் கசக்கிப் பாருங்கள். நீலம் வெளுத்து, பொலபொலவென உதிர்ந்து விரலில் ஒட்டும். அது பஞ்சு இல்லை. உருக்கி இழுத்த பாலிபுரொப்பிலீன். மூன்று அடுக்கில் நடு அடுக்கின் இழை, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. வெயில் பட்டால் இற்றுப்போகும். ஆனால் மக்காது, கண்ணுக்குத் தெரியாத துகளாகும், அவ்வளவுதான்.

வெட்டி, காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து குப்பையில் போடச் சொன்னது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதல். கிராமத்தில் அதைச் செய்தவர்கள் எத்தனை பேர்? வாய்க்காலில் விழுந்தது ஏரிக்குப் போனது.

என் கவலையெல்லாம் வண்டலைப் பற்றித்தான். பாலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட லேசானது, முதலில் மிதக்கும். பாசியும் சேறும் ஏறியதும் அடியில் போய்ப் படியும். கோடையில் ஏரி வற்றியதும் அந்த வண்டலைத்தான் டிராக்டரில் அள்ளி வயலில் கொட்டுகிறோம். மண்ணுக்குச் சத்து என்று நம்பிப் போடுவதோடு பிளாஸ்டிக் இழையும் சேர்ந்து போகிறது. வயல் மண்ணில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க இன்றைக்கு நடைமுறையில் வழி கிடையாது. நெல் வேரும் மண்புழுவும் அதோடுதான் வாழ வேண்டும்.

பாலியஸ்டர் புடவை துவைக்கும்போதும் இழை உதிரத்தானே செய்கிறது என்பார்கள். உண்மைதான். அதற்காக இதை விட்டுவிட முடியுமா?

உத்திரமேரூருக்கு ஏரியைக் காப்பது புதிதல்ல. பராந்தகச் சோழன் காலத்தில், 921இல், குடவோலையில் தேர்ந்தெடுத்த ஆறு பேரைக் கொண்டு ஏரி வாரியம் நடத்திய ஊர் இது. கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதவே கூடாது என்று கல்லில் வெட்டிவைத்தவர்கள். ஏரிக்குப் பொறுப்பாளர்கள் இருந்தார்கள், அவர்கள் ஊருக்குப் பதில் சொன்னார்கள். இன்றைக்கு வண்டல் அள்ள அனுமதி உண்டு. அள்ளும் வண்டலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்தான் இல்லை.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராமசபை கூடும். ஏரி வற்றத் தொடங்கும் நேரம். வண்டல் அள்ளும் முன், கரையிலும் மதகிலும் வரத்து வாய்க்காலிலும் கிடக்கும் முகக்கவசங்களை முழுசாக இருக்கும்போதே பொறுக்கியெடுக்க ஒரு தீர்மானம் போடுங்கள். பொறுக்கியதைக் கரையிலேயே கொளுத்திவிடாதீர்கள்.